கப்பல் வந்துச்சா?

கம்பெனியின் மூன்றாம் மாடியில்
திரை இறங்கியது. திரையில் கடல்.
நாங்கள் பதினோரு பேர்.
காலியாக இருந்தது ஒரே ஒரு லைன் லீடர் பதவி.
எங்களில் பாதிப் பேர் பார்த்த பெரிய தண்ணீர்
நுரை பொங்கி நிற்கும் கெலவரப்பள்ளி அணைதான்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர்
மைக்கை ஊதிப் பார்த்துவிட்டுக்
கப்பலை மூழ்கடித்தார்.
ரப்பர் படகில் ஒன்பது பேர்.
கத்தி, கயிறு, முகம் பார்க்கும் கண்ணாடி,
ஒரு தார்ப்பாய், இரண்டு டின் பிஸ்கட்,
திசைகாட்டி, கொசுவலை, அரை கேன் டீசல்.
"எது முதலில், எது கடைசியில்?
வரிசைப்படுத்துங்கள். பத்து நிமிடம்."

ஏசி குளிரிலும் எனக்கு வியர்த்தது.
முந்தைய பேட்ச்சில் இருந்த திம்மராஜ்
கேன்டீனில் புளிசாதம் தின்றபடியே சொல்லியிருந்தான்:
கண்ணாடிதான் முதல்ல, மறந்துடாதே,
தூரத்துல போற கப்பலுக்கு வெயிலைத் திருப்பிக் காட்டலாம்.
எழுதினேன்.
யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம்
பேனா மூடியையும் கடித்தேன்.

நாகவேணி திசைகாட்டியைக் கடைசியில் போட்டிருந்தாள்.
ஏன் என்று கேட்டார்.
"துடுப்பே இல்ல சார்.
கிழக்கு எதுன்னு தெரிஞ்சு என்ன பண்றது?"
ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை,
அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தோம்.

நாற்பத்தோராம் நாள்
ஒரு சரக்குக் கப்பல் மினுக்கம் கண்டு திரும்பியதாம்.
படகில் உயிரோடு இருந்தவன் ஒருவன்.
அவனிடம் நாம் கற்க வேண்டியவை
ஒவ்வொன்றாகத் திரையில் நீந்தி வந்தன:
பதறாதே.
இருப்பதைக் கணக்கெடு.
முடிவை நீயே எடு.

கைதட்டல் ஓயுமுன் நாகவேணி எழுந்தாள்.
"மீதி எட்டுப் பேரு சார்?"
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"அது இந்தக் கதைக்குத் தேவையில்லம்மா."
டீ வந்தது. ஆளுக்கு இரண்டு பிஸ்கட்.

பதவி எனக்கு.
நீலச் சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது.
ராயக்கோட்டை சாலையில் மாடி வீடு,
பைக்குக்கு மாதத் தவணை,
"அண்ணா" என்றவர்கள் ஒரே வாரத்தில்
"சார்" என்று பழகிக்கொண்டார்கள்.

ஆர்டர் குறைந்த ஜூனில்
மேலிருந்து ஒரு தாள் இறங்கியது.
ஒன்பது பெயர்கள்.
ஒருவரை வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு
நீட்டிப்பு இல்லை, முடிவை நீயே எடு.
பதறவில்லை நான்.
இருப்பதைக் கணக்கெடுத்தேன்:
எத்தனை லீவு, எத்தனை லேட்,
கூட்டத்தில் எத்தனை கேள்வி.
மாலை ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் முடித்துவிட்டேன்.
வேகமாக முடிவெடுப்பதாக
அந்த ஆண்டு எனக்கொரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.
சட்டம் போட்டு மாட்டச் சுவரில் இடமில்லை,
பீரோவின் மேல் கிடக்கிறது.

பிப்ரவரியில் வெளிநாட்டு கஸ்டமர் வந்தார்.
பூங்கொத்து வாங்கிவர என்னை
பாகலூர் சாலைக்கு அனுப்பினார்கள்.
ரோஜாப் பண்ணையின் குளிர் அறையில்
குல்லாய், ஸ்வெட்டர், கையுறையோடு
இருபது இருபதாக எண்ணிக்
கட்டிக்கொண்டிருந்தாள் நாகவேணி.
காதலர் தினத்துக்கு ஐந்து நாள் இருந்தது,
நிமிர நேரமில்லை யாருக்கும்.
அவள் நிமிர்ந்தாள்.

கோபம் இருக்கும் என்று நினைத்தேன்.
சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன்,
எட்டு மாதமாக.

"கப்பல் வந்துச்சா சார்?" என்றாள்.

எந்தக் கப்பல் என்று கேட்க வாயெடுத்து
வந்தது என்றேன்.
"உங்களை ஏத்திக்கிட்டாங்கல்ல?"
கேட்டது கிண்டலா, நிஜமாகவே அக்கறையா,
இன்றுவரை பிடிபடவில்லை.

பேச்சில் எண்ணிக்கை தவறியிருந்தது அவளுக்கு.
கட்டை அவிழ்த்துவிட்டு
மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
ஒன்பது வரைக்கும் கேட்டுவிட்டு
வெளியே வந்தேன்.

என் பைக்கின் கண்ணாடியில் வெயில் பட்டு
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.
இவ்வளவு பெரிய பூங்கொத்தை
வண்டியில் எங்கே வைப்பது என்று
வெகுநேரம் தெரியவில்லை.